கொசு பிடிக்கும் படிப்பு

அன்புள்ள ஐயா,

யானைக்கால் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் பி.கே. ராஜகோபாலன் என்ற கொசு ஆராய்ச்சியாளரின் பெயர் ஒரே வரியில் வந்து போனது. நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம். கொசு ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று வீட்டில் கேட்டேன். "பதினேழு வருஷம் படிச்சது கொசு பிடிக்கவா?" என்று மாமா சிரிக்கிறார். ஒருவர் ஆயுளையே கொடுக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

வா., வேலந்தாவளம்

அன்புள்ள வா.,

மாமா சொன்னது பாதி சரி. கொசு பிடிக்கத்தான் போவீர்கள். பொழுது சாய்ந்ததும் யார் வீட்டு மாட்டுத் தொழுவத்திலோ டார்ச்சும் கண்ணாடிக் குழாயுமாக நின்று, சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாய்க்குள் வலைத்துணி உண்டு, தொண்டைக்குள் போகாது, பயப்படாதீர்கள். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று மாட்டுக்காரர் கேட்பார்.

ராஜகோபாலன் தொடங்கியது கொசுவில்கூட இல்லை, உண்ணியில். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதருக்கும் உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தது. அதன் பின்னால் அந்தக் காட்டில் அலைந்தவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் டெல்லியில் மலட்டு ஆண் கொசுக்களை விட்டு இனத்தைக் குறைக்கும் திட்டம். அது உயிரியல் போருக்கான ஒத்திகை என்று சந்தேகம் கிளம்பி, விவகாரம் நாடாளுமன்றம் வரை போய், 1975இல் இழுத்து மூடினார்கள். அதே வருடம் புதுச்சேரியில், நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆராயும் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் தொடங்கியது. 1990 வரை அவர்தான் இயக்குநர். பத்மஸ்ரீயும் வந்தது. இதெல்லாம் பயோடேட்டா. உங்கள் கேள்விக்கான பதில் எனக்குத் தெரிந்து கேரளத்துச் சேர்த்தலையில் இருக்கிறது.

என் பெரியம்மாவைச் சேர்த்தலைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். லீவுக்குப் போவோம். வீட்டுக்கு வீடு ஒரு குளம். குளம் என்றால் தண்ணீர் தெரியாது, முட்டைக்கோஸைப் பிரித்து மிதக்க விட்டாற்போல ஒரே பச்சை. மலையாளத்தில் முட்டப்பாயல், தமிழில் ஆகாயத்தாமரை. (கோயம்புத்தூர்ப் பக்கம் ஊதாப்பூ பூக்கும் வெங்காயத்தாமரையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது வேறு.) ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அடியில் ஈரத் தலைமுடி மாதிரி வேர். "விடுடா, தென்னைக்கு உரம் போடணும்" என்று திண்ணையிலிருந்து பெரியம்மா கத்தினார். எழுந்து வரவில்லை. குதிகால் வரை இறக்கிக் கட்டிய சேலைக்குள் வலது கால் மட்டும் தூண் மாதிரி இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்போம்.

அந்தக் கால் வந்தது அந்த வேரிலிருந்து. யானைக்கால் புழுவை ஆளுக்கு ஆள் பரப்பும் மான்சோனியா என்ற கொசு அந்தச் செடியின் இலைக்கு அடியில் முட்டையிடும். மற்றக் கொசுப் புழுக்களில் பெரும்பாலானவை மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும், எண்ணெய் ஊற்றினால் சாகும். இதன் புழு மேலேயே வராது. மூச்சுக்குழலை வேருக்குள் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொள்ளும். நீங்கள் அகப்பையால் எத்தனை முறை தண்ணீரை மொண்டு பார்த்தாலும் ஒன்றும் சிக்காது. செடியைப் பிடுங்கி, வெள்ளைத் தட்டில் நீர் வைத்து உதறிப் பார்க்க வேண்டும்.

திருவிதாங்கூரில் எம்.ஓ.டி. ஐயங்கார் 1930களிலேயே இந்தச் செடிக்கும் யானைக்காலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதிவிட்டார். செடியை எடு, கொசு போகும். தெரிந்த விஷயம்தான். ஆனால் எடுத்தால் தென்னைக்கு உரம்? பெரியம்மாவிடம் போய் யார் சொல்வது?

1980களில் ராஜகோபாலன் ஆட்கள் சேர்த்தலைக்கு வந்தபோது குளத்தில் மீன் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மீன் விட்டவனுக்குப் பாயல் சத்துரு. வெளிச்சமும் காற்றும் இறங்காத குளத்தில் மீன் வளராது. அவனவன் தன் மீனுக்காகப் பாயலை வாரிக் கரையில் போட்டான். யானைக்காலைப் பற்றி அவனிடம் தினமும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பூச்சியியல் படித்தவர் கெண்டைக்குஞ்சு விலையும் தென்னைக்கு உரமும் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார், பாருங்கள், எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க மாட்டேன். யானைக்கால் புழு உடம்புக்குள் பல வருடம் உயிரோடு இருக்கும், வீங்கிய கால் கொசு ஒழிந்ததால் வடியாது. நீங்கள் நாற்பது வருடம் உழைத்துத் தடுத்த வீக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. வராத காலுக்கு யார் நன்றி சொல்வார்கள்? பெரியம்மாவின் கால் கடைசி வரை அப்படியேதான் இருந்தது. அவர் பேரப்பிள்ளைகளுக்கு மந்து (மலையாளத்தில் யானைக்கால்) என்ற சொல்லே கேரளத்து நாட்டுக்கதையான நாராணத்துப் பிராந்தன் கதையில் கேட்டதுதான். பகவதி வரம் கேட்கச் சொன்னபோது, இந்தக் காலில் இருக்கும் மந்தை அந்தக் காலுக்கு மாற்று என்று கேட்டானே, அவன். பாலக்காட்டுக்காரர் மாமாவுக்கு அது தெரியாமல் இருக்காது.

புதுச்சேரி மையத்திலேயே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது, விசாரியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊர்க் குளத்தில் மிதக்கும் எதையாவது வேரோடு பிடுங்கி வீட்டு வெள்ளைப் பேசினில் உதறுங்கள். மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பேசினில் என்ன நெளிந்தது என்று எழுதுங்கள்.