கட்டுத்துணியை ஆயுதம் என்று நினைத்துச் சுட்டவருக்கு

காயம்பட்டுக் கிடந்த எதிரி வீரன் சட்டென்று இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனான், சுட்டுவிட்டேன், அவன் கையில் இருந்தது வெறும் கட்டுத்துணி, நான் கொலைகாரனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காயத்தால் போரிட முடியாதவனைத் தாக்கக் கூடாது என்கிறது போர்க்கால நடத்தைக்கான ஜெனீவா உடன்படிக்கைகளுடன் சேர்க்கப்பட்ட 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையின் 41ஆம் பிரிவு. ஆனால் அவன் பகைச்செயல் எதிலும் இறங்காதிருக்க வேண்டும். அந்தக் கையசைவு அப்போது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி. பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடக் கூடாது. 1944இல் நார்வேயின் ஃபின்மார்க்கைத் தீக்கிரையாக்கிய ஜெர்மன் தளபதி ரெண்டுலிச்சை, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும் 1948இல் நியூரம்பர்க் போர்க்குற்ற நீதிமன்றம் விடுவித்தது இந்த அடிப்படையில்தான். அவர் மீது எனக்கு மதிப்பில்லை, அளவுகோல் சரியானது.

ஆனால் அச்சத்துக்கு நியாயமான காரணம் இருந்திருக்க வேண்டும். உண்மையில் அவன் அசையவே இல்லையென்றால் என் பதில் வேறு. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கட்டுத்துணி கண்ணை விட்டுப் போகவில்லை என்கிறீர்கள். சட்டம் விடுவித்தாலும் அது உடனே போய்விடாது. தூக்கமில்லாமல் இத்தனை நாள் தனியாகத் தாங்கியது போதும், இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள்.