கடையில் கேட்ட வால்வு இனிமை கோத்தகிரிக்கு ஏறி வருமா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். 12-க்கு 14 அடி அறை. 60 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர், 86 டெசிபல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். கச்சேரி, நாதஸ்வரம், பழைய எல்.பி. ரெக்கார்டுகள் கேட்பேன். கோவையில் ஒரு வியாபாரி 8 வாட் வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபையரை ஓட்டிக் காட்டினார். பாடகர் எதிரே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. “மலைக் குளிருக்கு வால்வுதான் சார் சரி. பழையதைக் கொடுங்க, கழிச்சுக்கிறேன்” என்கிறார். மகன் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறான், அவனுக்கும் இதுவே ஆகுமாம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் காது பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்டது வால்வை மட்டும்தானா என்பதே சந்தேகம்.

முதலில் சத்த அளவு. இரண்டில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால் காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று உணராது, ‘தெளிவு அதிகம்’ என்றே உணரும். விற்க வேண்டிய பெட்டியின் வால்யூமை ஒரு மயிரிழை தூக்கி வைப்பது கடைக்காரர்களின் பழைய வித்தை. இதை முறியடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். போனில் 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு ஆம்ப்ளிஃபையர்களிலும் 1 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். மீட்டர் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். இப்படிச் சமன் செய்யாத எந்த ஒப்பீட்டையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆம்ப்ளிஃபையரை மாற்றி இணைக்கும்போது இரண்டையும் அணைத்துவிடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.

சமன் செய்த பிறகும் வித்தியாசம் கேட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கும். அது பெயருக்குத்தான். ஓர் இடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், அடிநாதத்தில் ஓர் இடத்தில் 30 ஓமுக்கு ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் உள்மின்தடை 0.1 ஓம் அளவில் இருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் அதைப் பாதிக்காது. நீங்கள் சொல்லும் 8 வாட் வகை, அநேகமாகப் பக்கத்துக்கு ஒரே பவர் வால்வு வைத்த வகையில், அது 2 ஓமைத் தாண்டுவது சகஜம். அப்போது 30 ஓம் இடம் 4 ஓம் இடத்தைவிட ஏறக்குறைய 3 டெசிபல் தூக்கலாக ஒலிக்கும். பாஸ் குமிழைக் கொஞ்சம் திருப்பியது போல. நீங்கள் உணர்ந்த இனிமையில் ஒரு பங்கு இங்கிருந்து வந்திருக்கலாம்.

இதைச் சில ரூபாயில் வீட்டிலேயே சோதிக்கலாம். 2.2 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். வெள்ளைப் பீங்கான் கட்டி போல இருக்கும். உங்கள் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு வயரில், பக்கத்துக்கு ஒன்றாகத் தொடரில் சேருங்கள். சூடாகும் என்பதால் மரத்திலோ துணியிலோ படவிடாதீர்கள். மறுபடி 1 வோல்ட்டுக்குச் சமன் செய்து, ஒரு வாரம் கேளுங்கள். பிடித்துப்போனால் வேலை முடிந்தது. 1985-இல் ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க ஆடியோ இதழுக்காக, ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் போலவே ஒலிக்கும்படி மாற்றிக் காட்டினார். இதழின் விமர்சகர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது அந்த 8 வாட். 86 டெசிபல் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) ஸ்பீக்கருக்கு அது பற்றாது. தனிக் குரலுக்கும் வீணைக்கும் தாங்கும். தவில்காரர் ஓங்கி ஒரு அடி போட்டால் முனை மழுங்கும். வால்வு மழுங்குவது மெதுவாக நடப்பதால் காதில் குத்தாது, அதையும் ‘இனிமை’ என்று விற்றுவிடுவார்கள்.

கிடார் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். வீட்டு ஆம்ப்ளிஃபையரின் வேலை வந்ததை மாற்றாமல் தருவது. கிடார் ஆம்ப்ளிஃபையரோ வாத்தியத்தின் ஒரு பாதி. வேண்டுமென்றே எல்லை மீறி ஓட்டி, அப்போது ஒலி உருக்குலையும் அந்தத் திரிபைத்தான் (டிஸ்டார்ஷன்) வாசிக்கிறார்கள். எல்லை மீறும்போதுதான் வால்வும் டிரான்சிஸ்டரும் உண்மையாகவே பிரிகின்றன. 1973-இல் ரஸ்ஸல் ஹாம் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை பேசுவதும் இதைத்தான். ஒலிப்பதிவுக் கூடத்து மைக் ப்ரீஆம்ப்ளிஃபையர்களை (மைக்கின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) மிகையாக ஓட்டியபோது என்ன ஆனது என்பது அது. அதை எடுத்து வீட்டு ஸ்டீரியோவை விற்கிறார்கள்! மகனுக்கு வால்வு வேண்டும் என்றால் கிடாருக்கென்றே செய்த 5 வாட் பெட்டி போதும், அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம் வரும். வியாபாரி காட்டிய பெட்டி அதற்கு ஆகாது. கிடார் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் சுருள்) சுமார் 10 லட்சம் ஓம் உள்வாங்கும் முனை வேண்டும், அது இதில் இருக்காது. கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும், உங்கள் ஸ்பீக்கரில் உச்ச ஒலிக்கென்று இருக்கும் ட்வீட்டர் அடங்காது. எனவே திரிபு ஒலி குளவிக்கூட்டம் போலக் கேட்கும். ட்வீட்டர் எரியவும் கூடும்.

குளிர்க் கதைக்கு வருவோம். வால்வுக்குள் எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு சுமார் 700 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. வெளியே 8 டிகிரியா 28 டிகிரியா என்பது அதற்கு ஒரு பொருட்டா? மலையில் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் என்றால் 10 சதவீதம்தான் முன்பின் போகலாம். 230 வோல்ட் மாலையில் 190-க்கு இறங்கினால் ஹீட்டருக்கு 5.2 வோல்ட்தான் கிடைக்கும், வால்வின் ஆயுள் குறையும். அதற்குச் சர்வோ ஸ்டெபிலைசர், 500 விஏ. அந்தச் செலவை யாரும் விலைப்பட்டியலில் காட்டுவதில்லை. பனிமூட்ட மாதங்களில் சாக்கெட் பின்களில் களிம்பு ஏறிக் கரகரக்கும். பழுதானால் கனமான பெட்டியை, வால்வுகளைக் கழற்றித் தனியே பொதிந்து, நீங்கள்தான் மேட்டுப்பாளையம் இறக்க வேண்டும். விற்கும்போது மலையேறி வருகிறவர் பழுது பார்க்க ஏறமாட்டார்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ‘வால்வு’ பெட்டிகள் வேறு ரகம். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி, உண்மையான வேலையெல்லாம் ஒரு சிப்பில். சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஹீட்டர் மெல்ல மங்கும், எல்இடி சட்டென்று அணையும். பின்புறம் கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் இல்லையென்றால் ஸ்பீக்கரை ஓட்டுவது வால்வு அல்ல. ‘முல்லார்ட்’ என்ற பழைய பிரிட்டிஷ் வால்வு நிறுவனத்தின் பெயருக்குத் தனி விலை கேட்டால் மயங்காதீர்கள். ரஷ்யாவின் சரடோவில் செய்யும் புது வால்வுகளிலும் அந்தப் பெயர் அச்சாகிறது. வாட் கணக்கு இன்னொரு கூத்து. எத்தனை சதவீதத் திரிபில் 8 வாட் என்று கேளுங்கள், விழிப்பார்கள். அட்டைப் பெட்டியில் 2,000 வாட் பிஎம்பிஓ (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று அச்சடித்தாலும் கேள்வி கேட்க ஆளில்லாத சந்தை இது.

அந்த வால்வு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்றால், வியாபாரியிடம் 7 நாள் வீட்டுச் சோதனை கேளுங்கள். ரெசிஸ்டர் சேர்த்த உங்கள் பழைய ஆம்ப்ளிஃபையரையும் அவருடையதையும் பக்கத்தில் வைத்து, வீட்டில் ஒருவர் மாற்றி மாற்றி இணைக்க, எது ஓடுகிறது என்று பார்க்காமல் 10 முறை கேட்டுக் குறியுங்கள். 9 முறை சரியாகச் சொன்னால் அப்புறம் விலை பேசலாம். திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லிலேயே எழுதித் தராவிட்டால் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம், பழைய பெட்டியையும் கண்ணில் காட்ட வேண்டாம்.