மேல் வீடு, கீழ் வீடு, ஒரே மோட்டார்

அன்புள்ள ஐயா,

வில்லாபுரத்தில் எங்கள் மாடி வீட்டை மேலும் கீழுமாக இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். போர் மோட்டார் கீழ் வீட்டு மீட்டரில் ஓடுகிறது. மேலே ஆறு பேர், தினமும் வாஷிங் மெஷின். கீழே மூன்று பேர். தொட்டி காலியானால் கீழ் வீட்டம்மா மோட்டார் போட மறுக்கிறார். படிக்கட்டில் நின்று சண்டை. மேல் வீட்டுக் குழாயை ஒரு வாரம் அடைத்தால் வழிக்கு வருவார்கள் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?

— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

குழாயில் கை வைக்காதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது. அவர்கள் மனு கொடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். சட்டம் கிடக்கட்டும், சித்திரை வெயிலில் ஆறு பேர் குடத்தோடு தெருவில் நிற்பது பாவம்.

கீழ் வீட்டம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு எச்பி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். தினம் முக்கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். அதனால் அவர் பில் 500 யூனிட்டைத் தாண்டினால், முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். மேல் வீட்டார் குத்துமதிப்பாக நூறு ரூபாய் நீட்டினால் எடுபடாது.

மோட்டார் இழுக்கும் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்ட, மோட்டார் லைனில் ஒரு சப் மீட்டர் வையுங்கள். ஈபி ரீடிங் எடுக்கும் நாளில் அதையும் படமெடுத்து இரு வீட்டுக்கும் அனுப்புங்கள். மோட்டார் யூனிட்டோடு பில் எவ்வளவு, அதைக் கழித்தால் எவ்வளவு என்று இரண்டு முறை போட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் மோட்டார் செலவு. அதைத் தலைக்கணக்கில் பிரித்தால் மூன்றில் இரண்டு பங்கு மேல் வீட்டுக்கு. வசதிப்பட்டால் மோட்டாருக்கு உங்கள் பெயரிலேயே தனி இணைப்பு வாங்கிவிடுங்கள், அதுதான் நல்லது.

அடுத்து தொட்டி. நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். ஆறு பேருக்கு 810. இப்போதுள்ளது ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் அதை மேல் வீட்டுக்கு விட்டு, கீழ் வீட்டுக்குப் புதிதாக 500 லிட்டர் தொட்டி வையுங்கள். இறங்கும் குழாய்கள் தனித்தனியாக இருக்கட்டும். ஏறும் குழாயை டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டுப் பிரித்து, இரண்டு தொட்டியிலும் பால் வால்வும் (நிரம்பியதும் மிதக்கும் பந்து குழாயை மூடுவது) ப்ளோட் சுவிட்சும் (நீர்மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்துவது) மாட்டச் சொல்லுங்கள். சுவிட்சுகள் பேரலலில், அதாவது ஒன்று ஆனில் இருந்தாலும் மோட்டார் ஓடும்படி, இருந்தால்தான் இரண்டும் நிரம்பிய பிறகு மோட்டார் நிற்கும். பால் வால்வு மூடும் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே சுவிட்ச் கட் ஆக வேண்டும். பிளம்பர்கள் தவறுவது இங்கேதான். மட்டம் மாறினால் மூடிய குழாயை எதிர்த்து மோட்டார் ஓடும், ஜாயின்ட் பிய்ந்துவிடும். காலை ஆறு மணிக்கு ஓட ஒரு டைமர். சுவிட்ச் கீழ் வீட்டுக்குள் இருந்தால் படிக்கட்டுக்கு அடியில் மாற்றிப் பூட்டுப் பெட்டி போடுங்கள்.

வேலை தொடங்கும் முன் இரு வீட்டாரிடமும் ஒரே நாளில், தனித்தனியாகப் பேசுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். பங்குக் கணக்கை ஒப்பந்தத்தோடு ஒரு தாளாகச் சேர்த்து மூவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் இரண்டு ரீடிங்குக்காவது நேரில் போய் நில்லுங்கள்.