சவுண்ட்பார் வாங்குமுன் தொலைக்காட்சியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம் சகோதரரே. வெள்ளவத்தை மாடிவீடு, ஈஏஆர்சி (தொலைக்காட்சியிலிருந்து சவுண்ட்பாருக்கு முழுத்தர ஒலியை அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) இல்லாத பழைய தொலைக்காட்சி, ஒரு புளூரே டிஸ்க் பிளேயர். சோனோஸ் ஆர்க் சவுண்ட்பார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், வேண்டாம். ஒலி அருமைதான். ஆனால் அதில் இருப்பது ஒரேயொரு எச்டிஎம்ஐ துளை. பிளேயரைத் தொலைக்காட்சி வழியாகத்தான் இணைக்க வேண்டும். ஈஏஆர்சிக்கு முந்தைய சாதாரண ஏஆர்சி வழியே, புளூரே டிஸ்க்கில் வரும் தரம் குறையாத டொல்பி ட்ரூஎச்டி ஒலி போகாது. டிஸ்க்குக்குக் கொடுத்த காசு அங்கேயே வீணாகிறது. நெட்பிளிக்ஸ் மட்டும் பார்ப்பவர் என்றால் வேறு கதை, அதன் அட்மோஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் டொல்பி ஒலி) தரம் குறைத்துச் சுருக்கப்பட்டு வருவதால் ஏஆர்சி தாங்கும்.

சாம்சங் கியூ990 போலத் தனி எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள சவுண்ட்பாரை வாங்குங்கள். பிளேயரை நேரே அதில் செருகினால், ஒலியை அது வைத்துக்கொண்டு படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பிவிடும்.

உங்கள் ஒன்பதடித் தட்டைக் கொங்கிரீட் கூரை பெரிய வரம். சவுண்ட்பாரின் மேல்நோக்கிய ஸ்பீக்கர்களின் ஒலி அதில் பட்டுத்தான் உங்களிடம் இறங்குகிறது. சரிந்த ஓட்டுக்கூரை என்றால் தடுத்திருப்பேன்.

சப்வூஃபரை (பாஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) மூலையில் வைக்காதீர்கள், பாஸ் வீங்கிவிடும். தெஹிவளையில் நாங்கள் இருந்தபோது கீழ்வீட்டு அன்ரி என்னைக் கூட்டிப்போய், அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் கிலுகிலுப்பதைக் காட்டினார். அன்றே தடித்த ரப்பர் விரிப்பு வாங்கி அடியில் போட்டேன். நீங்கள் முதல் நாளே போட்டுவிடுங்கள்.