பழுப்பாக மாறிய தண்ணீர்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சோதனைக் கருவியைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 420 காட்டுகிறது. 500 வரை நல்ல தண்ணீர் என்று மீட்டர் விற்றவர் சொன்னார். ஆனால் மூத்தவனுக்கு முளைத்த பற்களில் பழுப்புக் கோடு. சின்னவளுக்கு நான்கு வயது. காய்ச்சிக் கொடுத்தால் போதுமா? (வாசகி, பென்னாகரம்)

பதில்: போதாது. பல்லில் பழுப்புக் கோடு விழுந்தால் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு கூடுதலோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிருமிக்குக் காய்ச்சலாம், ஃப்ளோரைடுக்குப் பலிக்காது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, மிச்சத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் கூடிவிடும்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, மொத்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. உங்கள் 420-க்குள் 3 மில்லிகிராம் ஒளிந்திருந்தாலும் மீட்டர் மூச்சு விடாது.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள், கண்ணாடி வேண்டாம். ஃப்ளோரைடை மட்டும் இனம் காண லாந்தனம் ஃப்ளோரைடு படிகம் பதித்த மின்முனை உண்டு. இல்லையென்றால் சிர்கோனியம் சேர்த்த சிவப்புச் சாயம். ஃப்ளோரைடு கூடக் கூட அது வெளுக்கும்.

முடிவு வரும்வரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரையே குடிக்க எடுங்கள், உலை வைக்கவும்தான். அந்தத் திட்டம் வந்ததே தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்து ஃப்ளோரைடுக்காக. மூத்தவன் பல்லில் விழுந்த கறை தானாகப் போகாது. சின்னவளுக்கு நிரந்தரப் பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: சாலையோரத்தில் மலைத்தேன் வாங்கினேன். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்குகிறது. சுத்தம்தானே? (வாசகர், அரூர்)

பதில்: வெல்லப்பாகும் அப்படித்தான் தங்கும்.

கேள்வி: பால்காரர் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டே காட்டுகிறார். அளவு சரியாக இருக்கிறது. ஆனால் தயிர் உறைந்தால் ஆடையே இல்லை. (வாசகி, பாலக்கோடு)

பதில்: லாக்டோமீட்டர் அளப்பது அடர்த்தியை. ஆடையை எடுத்தால் அடர்த்தி ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தால் பழைய கோட்டிலேயே வந்து நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை, கருவியைச் சொல்ல வைக்கிறார். பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கும் இயந்திரம் இருக்கும், ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வந்த இருவர் எங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு பெட்டியின் கம்பிகளை வைத்து மின்சாரம் விட்டார்கள். இரண்டே நிமிடத்தில் சாக்கடையாகிவிட்டது. அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பயந்துபோய் 18,500 ரூபாய்க்கு ஆர்ஓ வாங்கிவிட்டேன். மகன் திட்டுகிறான். (வாசகர், காரிமங்கலம்)

பதில்: ஐயா, மகனிடம் சொல்லுங்கள், இதே வித்தைக்கு நானும் 14,000 ரூபாய் கொடுத்தவன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள், என் வீட்டுக் கூடத்தில், என் டம்ளரைப் பார்த்தே மிரண்டேன்.

அந்தக் கம்பிகளில் இரும்பு உண்டு. மின்சாரம் ஓடும்போது அந்த இரும்பே கரைந்து துருவாகத் திரள்கிறது. நீங்கள் பார்த்த சாக்கடை உங்கள் குழாயிலிருந்து வந்ததல்ல, அவர்கள் பெட்டியிலிருந்து வந்தது. மின்சாரம் ஓட உப்பு வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் கம்பி கரைவதில்லை, தண்ணீர் தெளிவாக நிற்கிறது. நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் பழுப்பாகத்தான் மாறும்.

அடுத்த வருடம் சர்வீஸுக்கு வந்த பையனிடம் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அவனுடைய இயந்திரம் கொடுத்த தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை தூளுப்பைப் போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் கம்பியைச் சுற்றிப் பச்சையாக நூல் நூலாகக் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளர் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. பையன் சிரித்துவிட்டான். "எங்களுக்கும் தெரியும் சார்" என்றான்.

எனக்கு ஆறாதது இதுதான்: நம் ஊரில் ஆர்ஓ விற்க இந்தப் பொய்யே தேவையில்லை. ஃப்ளோரைடில் பெரும்பகுதியை அது நீக்கும். உண்மையைச் சொன்னாலே விலைபோகும் பொருளுக்கு வித்தை காட்டுகிறார்கள்.

பில், வாரண்டி அட்டை, பேசிய ஃபோன் எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு பார்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால், இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நீங்களே யோசிப்பீர்கள்.

கேள்வி: கார்பைட் மாம்பழத்தைக் கண்டுபிடிக்க, பழத்தில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். எல்லாப் பழத்துக்கும் 'ஆபத்து' என்கிறது. பில் தேடிப் பார்த்தேன், இல்லை. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: வாங்கும் முன் எழுதியிருக்கலாமே. இந்த வகைக் கருவி பழச்சாற்றில் மின்சாரம் ஓடுவதைப் பார்த்து நைட்ரேட் என்று ஊகிக்கிறது. கார்பைடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பில்லும் இல்லாமல், கெடுவும் போன பிறகு நான் என்ன செய்ய?

கார்பைட் கல் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு விடும், காய் பழுப்பது அதனால்தான். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும், அதனால்தான் தடை. எத்திலீன் வாயுவில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பழுக்க வைக்க அனுமதி உண்டு. மாங்கூடைக்குள் கார்பைட் கல்லை மடித்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டலம் தென்பட்டால் கருவியே வேண்டாம், உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மஞ்சள் தூளில் கழிவறை ஆசிட் விட்டுப் பார்த்தேன். சிவந்துவிட்டது. கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: முதலில் அந்த ஆசிட் பாட்டிலை அடுப்படியை விட்டு வெளியே வையுங்கள். நல்ல மஞ்சளும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிவக்கும். தண்ணீர் சேர்த்ததும் நிறம் மறைந்தால் சரி. மறையாமல் நின்றால் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் என்று சந்தேகப்படலாம். அந்தப் பாதியை நீங்கள் செய்யவே இல்லை.

சாட்சியாக நிற்பது ஆய்வக அறிக்கைதான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்பி வரும். அரசு ஆய்வகம் சேலத்தில் இருக்கிறது. ஆனால் சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே பிரித்த பொட்டலம் உதவாது. அதே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி, பில் போடச் சொல்லி, விஷயத்தையும் சொல்லுங்கள். உடனே அவர் பொட்டலத்தைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள்.