பகலில் நிலைக்காத தூக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை எடுத்துக்கொண்ட நான்கு கடிதங்களும் பெங்களூரு முகவரிகளிலிருந்து வந்தவை. ஊரில் பாதி அலுவலகங்களில் இரவு முழுவதும் விளக்கு எரியும்போது, தூக்கம் பற்றிய கேள்விகள் இங்கிருந்தே குவிவதில் வியப்பில்லை.

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவுப் பணி செய்கிறேன். அதிகாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து, நிறுவனத்தின் காரில் வீடு வந்து, ஏழு மணிக்குப் படுக்கிறேன். அப்போது நான் விழித்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும்; படுத்ததும் தூங்கிவிடுகிறேன். ஆனால் பதினொரு மணிக்கு விழிப்பு வந்துவிட்டால், எவ்வளவு களைப்பிருந்தாலும் மறுபடி உறங்க முடிவதில்லை. மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளும்படி என் மனைவி சொல்கிறார். குறை என் மனத்திலா?
— மடிவாளாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: குறை உங்கள் மனத்தில் இல்லை. உங்கள் மூளை ஒழுங்காக வேலை செய்வதால்தான் இப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் உண்மை அதுதான்.

நம்மை உறங்க வைப்பவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரத்திற்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும் தூக்கக் கடன். நரம்பணுக்கள் ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க, அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது. உறங்கும்போது அது வடிகிறது. மற்றொன்று, பார்வை நரம்புகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஓர் அரிசியைவிடச் சிறியதாக இருக்கும் நரம்புக் கொத்து. உடலின் கடிகாரம் அதுதான். நீங்கள் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று அது கேட்பதில்லை. வெளியே பகலா இரவா என்பதை மட்டுமே பார்த்து, பகல் ஏற ஏற விழிப்பை ஊக்குவித்து, பின்னிரவில் அந்த ஊக்குவிப்பைக் கைவிடுகிறது. இந்த இரண்டின் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து விளக்கும் கோட்பாட்டை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்தார். இன்றும் தூக்க மருத்துவம் அதன்மேல்தான் நிற்கிறது.

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பார்கள். அந்தப் பழமொழி தூக்கக் கடனை மட்டும் அறிந்தவர் சொன்னது. காலை ஏழு மணிக்கு உங்கள் கடன் மலையளவு இருப்பதால் கடிகாரத்தை மீறித் தூங்கிவிடுகிறீர்கள். முதல் மூன்று நான்கு மணி நேர ஆழ்ந்த உறக்கத்திலேயே கடனின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. பதினொரு மணிக்கோ கடிகாரம் விழிப்பை உயர்த்திக்கொண்டிருக்கும் நேரம்; மிச்சமுள்ள சிறு கடனால் அதை எதிர்க்க முடிவதில்லை. இரவில் உறங்குபவருக்கு இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், கடன் தீர்ந்துவரும் அதிகாலை நேரத்தில் கடிகாரமும் ஓய்ந்திருப்பதுதான். அதே அதிகாலை நான்கு மணிக்கு அலுவலகத்தில் உங்கள் தலை கவிழ்வதும் இதனால்தான்.

உறங்குவதும் விழிப்பதும் ஏன் இவ்வளவு சட்டென்று நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு மூளை அழற்சி நோய் பரவியது. நோயாளிகளில் பலர் வாரக்கணக்கில் உறங்கிக்கொண்டே இருந்தார்கள். சிலர் உறக்கமே இன்றித் தவித்தார்கள். 1917-இல் இந்நோயை விவரித்த வியன்னா மருத்துவர் கான்ஸ்டான்டின் ஃபான் எகானமோ, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, உறக்கமிழந்தவர்களுக்கு மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் முன்பகுதியும், ஓயாது உறங்கியவர்களுக்கு அதன் பின்பகுதியும் நடுமூளையும் சிதைந்திருக்கக் கண்டார். உறக்கம் என்பது வெறுமனே விழிப்பு அணைந்த நிலை என்றால், உறங்க முடியாமல் போவதற்கென்று தனியாக ஓரிடம் கெடத் தேவையில்லை அல்லவா? அந்த முன்பகுதியில் உறங்கும்போது மட்டும் முனைப்பாக இயங்கும் நரம்பணுக்கள் இருப்பது 1996-இல் உறுதியாயிற்று. அவை காபா என்னும் வேதிப்பொருளைச் சுரந்து விழிப்பு மையங்களை அடக்குகின்றன. விழிப்பு மையங்கள் பதிலுக்கு அவற்றை அடக்குகின்றன. எது ஓங்கினாலும் மற்றது முற்றிலும் தாழ்வதால், இடைநிலையில் நெடுநேரம் நிற்க முடியாது. பகல் பதினொரு மணிக்கு ஒரு ஹாரன் சத்தத்தில் எழுந்துவிட்டால், கடிகாரத்தின் பக்கபலம் பெற்ற விழிப்பு மையங்கள் மறுபடி இறங்கி வருவதில்லை.

பல ஆண்டுகள் இரவுப் பணி செய்த பிறகும் கடிகாரம் ஏன் திரும்பிக்கொள்வதில்லை என்று கேட்பீர்கள். ஓசூர் சாலையில் கார் ஜன்னல் வழியாக விழும் காலை வெயில்தான் காரணம். அலுவலக விளக்கொளி சில நூறு லக்ஸ் என்றால், திறந்தவெளிப் பகலொளி பல்லாயிரம் லக்ஸ். விழித்திரையில் ஒளியைத் தாமே உணர்ந்து கடிகாரத்திற்குச் செய்தி அனுப்பும் தனி நரம்பணுக்கள் உண்டு. அவை 2002-இல்தான் அடையாளம் காணப்பட்டன. தினமும் அந்த வெயில் பட்டு, விடுமுறை நாட்களில் இரவிலும் உறங்கினால், கடிகாரம் பகலைவிட்டு நகராது. ஆகவே வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள் (ஓட்டுநர் வேறொருவர் என்பதால் தடையில்லை), படுக்கையறையை மையிருட்டாக்குங்கள். பதினொரு மணிக்கு எழுந்துவிட்டால் போராடாமல், பிற்பகல் மூன்று மணியளவில் கடிகாரத்தின் பிடி சற்றுத் தளரும் நேரத்தில் மேலும் ஒன்றரை மணி நேரம் உறங்கப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு முயல வேண்டாம்; விழிப்பின் பிடி மிக வலுவாக இருக்கும் நேரம் அது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் வகுப்பிலும் பேருந்திலும் நின்றபடியேகூடத் தூங்குகிறான். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிக் கீழே சரிகிறான், நினைவு தப்புவதில்லை. சோம்பேறி என்கிறார் அண்ணன். வலிப்பு என்கிறார் அண்ணி.
— ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டில் எதுவுமாக இருக்காது என்றே உங்கள் விவரிப்பைப் படித்ததும் தோன்றியது. சிரிப்பில் முழங்கால் மடங்குவதும், அப்போது நினைவு தெளிவாக இருப்பதும் நார்கோலெப்சி என்ற நோயின் அடையாளங்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மேலே சொன்ன இரு தரப்பும் ஒன்றையொன்று அடக்கும் ஏற்பாட்டிற்கு ஒரு தாழ்ப்பாள் தேவை; இல்லையென்றால் சிறு தூண்டுதலுக்கும் அது மாறி மாறிச் சாயும். அந்தத் தாழ்ப்பாள், ஹைப்போதலாமஸில் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் சுரக்கும் ஓரெக்சின். 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தன. மறு ஆண்டே, பரம்பரையாக இந்நோய் வரும் டாபர்மேன் நாய்களிடம் ஓரெக்சினை ஏற்கும் புரதம் பழுதாகி இருப்பது தெரிந்தது. மனிதர்களிடம் அந்த நரம்பணுக்களே ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருந்தன. கனவு காணும் உறக்கத்தில் நம் கை கால் தசைகள் செயலற்றிருக்கும். கனவில் ஓடும்போது நிஜமாக ஓடிவிடாமல் காப்பது அதுதான். தாழ்ப்பாள் இல்லாதவருக்கு அந்தச் செயலின்மை விழித்திருக்கும்போதே, பெரும்பாலும் சிரிப்பு போன்ற பலத்த உணர்ச்சியின்போது, நுழைந்துவிடுகிறது.

இரவு முழுவதும் மூளை அலைகளைப் பதிவு செய்து, மறுநாள் பகலில் எவ்வளவு விரைவாக உறங்குகிறார் என்று அளந்து இதைக் கண்டறிவார்கள். நம் ஊர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தூக்க ஆய்வுக்கூடம் உண்டு. மருந்தும் உண்டு, குறித்த நேரத்தில் இருபது நிமிடக் குட்டித் தூக்கமும் உதவும். அதுவரை பையனுக்கு இருசக்கர வாகனச் சாவியைக் கொடுக்காதீர்கள். அண்ணனிடம் இதைச் சற்று அழுத்தியே சொல்லுங்கள்.

கேள்வி: சளி மாத்திரை தூக்கம் வர வைக்கிறது, காபி விரட்டுகிறது. எப்படி?
— மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: விழிப்பு மையங்களில் ஒன்று ஹிஸ்டமின் சுரக்கிறது. பழைய வகைச் சளி மாத்திரைகள் மூக்கில் ஹிஸ்டமினைத் தடுப்பதோடு நிற்காமல் மூளைக்குள்ளும் புகுந்து தடுத்துவிடுகின்றன. காஃபீன் செய்வது வேறு: அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடன் குறைவதில்லை; கடன்காரர் கதவைத் தட்டும் சத்தம்தான் கேட்காமல் போகிறது. குடித்ததில் பாதி கரையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆவதால், மாலை ஆறு மணி டிகாக்‌ஷனில் பாதி பதினொரு மணிக்கும் உங்களுக்குள் இருக்கும்.

கேள்வி: மாமனார் இரவு எட்டரைக்குத் தூங்கி மூன்றரைக்கு எழுந்துவிடுகிறார். பதினாறு வயது மகன் ஒரு மணி வரை விழித்திருந்து, காலையில் எழ மறுக்கிறான். இருவரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நான்தான் தூங்குவதில்லை.
— ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: உடல் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை, வெளியுலகக் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடுதலாக, சராசரியாக 24.2 மணி நேரம் ஓடும். பகலொளியோ கடிகாரமோ தெரியாத அறைகளில் மனிதர்களை நாட்கணக்கில் தங்கவைத்து இதை ஆராயும் கூடம் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதை நடத்திய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் மதுரையருகே குகை வவ்வால்களையும் ஆராய்ந்தவர். பின்னாளில் இதே பெங்களூருவில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். பகலொளி எட்டாத குகைக்குள் கூண்டில் அடைபட்ட வவ்வால்கள், வெளியே போய்வரும் தம் கூட்டத்தாரின் நடமாட்டத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொண்டன என்பது அவருடைய குழு கண்டது.

இரவு வந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற பொருளின் சுரப்பு, பருவ வயதில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. முதுமையில் முன்னுக்கு வருகிறது, உறக்கத்தைப் பிடித்து நிறுத்தும் நரம்பணுக்களும் குறைகின்றன. ஆகவே உங்கள் மகனின் பழக்கம் வெறும் கைப்பேசியால் வந்ததன்று. கைப்பேசி அதை மோசமாக்குகிறது, அவ்வளவே. மாமனார் உறங்குவது ஏழு மணி நேரம். அது போதும், நேரம்தான் முன்னே நகர்ந்திருக்கிறது.

காலை ஒளி கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். மாலை ஒளி பின்னுக்குத் தள்ளும். உங்கள் வீட்டில் விடிந்ததும் நந்தினி பால் வாங்கப் போவது பெரியவர்தான் என்று எண்ணுகிறேன். அந்த வேலையை இனி பேரனிடம் கொடுத்துவிட்டு, பெரியவரை மாலை ஐந்து மணிக்கு வெயில் இருக்கும்போதே நடக்க அனுப்பிப் பாருங்கள். பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். முதல் வாரம் பால் தாமதமாகத்தான் வரும்.