தம்பியைத் தூங்க வைத்துவிட்டுப் படிக்கிறாள்

கேள்வி: என் 16 வயது மகள், ஹோலி பிளாக் எழுதிய 'டைத்' என்ற ஆங்கில நாவலை மூன்றாவது முறையாகப் படிக்கிறாள். ஏதோ தேவதைக் கதை என்று நினைத்துப் புரட்டினால் சிகரெட், குடி, கெட்ட வார்த்தை. நான் கடையைச் சாத்திவிட்டு வர இரவு பத்தாகிவிடும். தம்பிக்குச் சோறு போட்டு, தூங்க வைத்துவிட்டு இதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: சிகரெட்டைப் பற்றி அத்தனை கவலைப்படுகிறீர்கள். தம்பிக்குச் சோறு போடுவதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. தினமும் அவள்தானா? அவள் பாடம் படிப்பது எப்போது?

2002-ல் வந்த அந்த நாவலின் தொடக்கப் பக்கங்களைப் படியுங்கள். அம்மா எல்லன் ராக் பாடகி, இசைக்குழுவோடு ஊர் ஊராக அலைபவள். 16 வயது மகள் பெயர் கே. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவுக்கே அம்மாவாக இருக்கிறாள். அம்மாவின் காதலன் கத்தியைத் தூக்கிய பிறகு இருவரும் நியூ ஜெர்சி கடலோரத்தில் பாட்டி வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். உங்கள் மகள் மூன்று முறை படிப்பது இந்தப் பெண்ணைத்தான்.

இதில் வருவது சிறகடித்து வரம் கொடுக்கும் தேவதைகள் அல்ல. நம் மோகினிபோல ஆளை மயக்கிக் கொண்டுபோகிறவை. இரும்பு பட்டால் அவற்றின் உடம்பு வெந்துபோகும். முழுப்பெயர் தெரிந்தவருக்கு அடிமையாகும். மழையில் இரும்பு அம்பு தைத்துக் கிடக்கும் தேவதை வீரனைக் காப்பாற்றும் கே, பதிலுக்கு அவன் முழுப்பெயரைக் கேட்டு வாங்கிவிடுகிறாள். பின்பாதிக் கதை அந்தப் பெயரில்தான் நிற்கிறது. பாழடைந்த கடற்கரைக் கட்டடங்களுக்குள் இந்த உலகத்தை ஆசிரியர் நம்பும்படி வைத்திருக்கிறார். தான் மனிதக் குழந்தைக்குப் பதிலாக மாற்றி வைக்கப்பட்ட தேவதைக் குழந்தை என்று கேவுக்குத் தெரியவரும் இடம்தான் நாவலின் உயிர்.

குறைகளும் உண்டு. அந்த வீரனோடு காதல் அவசரமாக முளைக்கிறது. தோழி ஜேனட் நீரில் மூழ்கடிக்கப்பட்டுச் சாகிறாள். அந்தத் துக்கத்துக்குக் கதை நின்று அழுவதில்லை. ஜேனட்டின் அண்ணன் கார்னி ஒரு தேவதையின் மயக்கத்தில் சிக்கிச் சீரழியும் பகுதி கொடூரமானது. மகளிடம் உட்கார்ந்து பேச வேண்டியது அதைத்தான், சிகரெட்டை அல்ல.

பிழைப்புக்காகத்தான் கடை, தெரியும். ஆனால் அந்தப் பையனைப் பெற்றவர் நீங்கள், அவள் அக்கா மட்டும்தான். வாரத்தில் இரண்டு நாளாவது எட்டு மணிக்குக் கடையைச் சாத்துங்கள். அன்றைக்குச் சோறு போடுவதும் தூங்க வைப்பதும் உங்கள் வேலை. அவளைக் கூப்பிடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை அவளிடம் கேட்டு வாங்கி, எந்த இடம் பிடிக்கும் என்று மட்டும் கேளுங்கள். புத்திமதியை ஆரம்பித்தால் அதோடு வாயை மூடிக்கொள்வாள்.

அடுத்து, இதன் தொடர்ச்சியாக 2007-ல் வந்த 'அயர்ன்சைட்' வேண்டுமென்பாள். கே தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்வது அதில்தான். வாங்கிக் கொடுங்கள், அந்தப் பக்கங்களை நீங்களும் படியுங்கள்.